குடும்பமாக எழுப்புதல் கூட்டங்களுக்கு ஊழியம் செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

விசுவாசத்தைப் புதுப்பிக்கச் சபைகள் நடத்தும் மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தில் பிரசங்கியார் மேடையில் நிற்கும் நேரத்தைக் கூட்டினால் ஐந்தாறு மணி தேறும். மீதி நேரம் முழுக்கக் கரண்ட், தண்ணீர், டீசல், தூக்கம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். பிரசங்கம் வராததால் ஊழியத்தை நிறுத்திய குடும்பங்கள் குறைவு. இந்த மீதி நேரத்தைப் பற்றி முன்கூட்டியே பேசி முடிக்காததால் சோர்ந்து வீடு திரும்பியவர்கள்தான் அதிகம். ஆகவே பிரசங்கச் செய்தி தயாரிப்பதைப் பற்றி இங்கே ஒரு வரியும் இருக்காது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர், கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவர் என ஐந்து பேர், ஒரே வண்டியில், தென்மாவட்டச் சபைகளுக்குப் போவதாக வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

அழைப்பு வந்த அன்றே

"நீங்க வாங்க ஐயா, மத்ததை எல்லாம் கர்த்தர் பார்த்துக்குவார்" என்று போதகர் சொல்வார். ஆமென் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நோட்டை எடுங்கள்.

முதலில், அழைப்பது யார்? பெந்தெகொஸ்தே சபை என்றால் பாஸ்டர் சொன்னால் முடிந்தது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வாலிபர் சங்கத்துத் தம்பி ஆர்வத்தில் தேதி கொடுத்துவிடுவார். அந்தச் சபை சேர்ந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான சேகரத் தலைவருக்கு விஷயமே தெரிந்திருக்காது. சேகரத் தலைவரிடம் நேரில் அல்லது போனில் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டீஸ் அடிக்க விடாதீர்கள்.

அடுத்து, கூட்டம் ஆலயத்துக்குள்ளா, ஆலய வளாகத்திலா, பொது மைதானத்திலா? இந்த ஒரு பதிலைப் பொறுத்து மற்ற எல்லாம் மாறும். வெளியே ஒலிபெருக்கி வைத்தால் காவல் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். சொந்தப் பட்டா நிலம், சொந்த வளாகம் என்றாலும் வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல், இரவு அளவு 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. விண்ணப்பத்தை உள்ளூர் சபையார்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. வெளியூர்க்காரர் பெயரில் போகும் மனு ஸ்டேஷனில் தேவையில்லாத கேள்விகளைக் கிளப்பும். இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுக்கச் சொல்லுங்கள். கையெழுத்தான நகலை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "வாயால சொல்லிட்டார் ஐயா" என்பது அனுமதி இல்லை. கூம்பு ஸ்பீக்கர் கேட்கவே வேண்டாம். பெட்டி ஸ்பீக்கர் என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பிறகு சின்னச் சின்னக் கேள்விகள். எங்கே தங்குகிறோம்? கழிப்பறை அந்த வீட்டிலேயே இருக்கிறதா, வெளியிலா? நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா? ஜெனரேட்டர் சபை ஏற்பாடா? டீசல் காசு தனியாகவா, காணிக்கையிலேயே அடக்கமா? வேறு யார் பேசுகிறார்கள்? இவற்றைப் பெரும்பாலும் பாஸ்டரைவிட அவர் மனைவியான பாஸ்டர் அம்மாவிடம் உங்கள் மனைவி பேசினால் தெளிவான பதில் வரும். ஆண்களின் பேச்சில் கழிப்பறை வரவே வராது.

எந்த மாதம், எந்த ஊர்

அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. மைதானக் கூட்டம் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பர் கடைசியில் சபைகளுக்குத் தங்கள் கிறிஸ்துமஸே தலைக்கு மேல் இருக்கும். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அழைப்பு குவியும். ஆனால் பரிசுத்த வாரத்தில் எந்த ஆயரும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பார். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் நீண்ட பயணத்துக்கு ஏற்றது. வெயில்தான் பிரச்சினை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று சாதாரணமாக இருக்காது. அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. மேடைக்குப் பின்னால் 20 அடி ஃபிளெக்ஸ் கட்டினால் அது காற்றைப் பிடித்து மேடைக் கம்புகளையே சாய்க்கும். அந்த மாதங்களில் ஆலயத்துக்குள் நடத்துங்கள். வெளியே என்றால் பேனரைச் சின்னதாக்கி, கீழே இரண்டு அடி இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

ஊரின் வேலை நேரம் தெரியாமல் நேரம் குறிக்கக் கூடாது. நூறு நாள் வேலைக்குப் போகும் ஊரில் பெண்கள் மாலையில் வீடு திரும்பி, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, 7 மணிக்குத்தான் வெளியே வருவார்கள். பீடி சுற்றும் ஊரில் இலைத்தட்டு மடியில் இருக்கும். காலை உபவாசக் கூட்டத்துக்கு ஆள் வராது, அதற்காகக் கோபித்துப் பிரயோசனமில்லை. கடற்கரை ஊர்களில் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது ஆண்கள் ஊரில் இருப்பார்கள், கூட்டம் நிறையும். ஆனால் கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் கடலோரச் சபையில் காணிக்கைக்கென்று தனியாக ஒரு வேளை பேசுவது கொடுமை.

பக்கத்துத் தெருவில் அம்மன் கோயில் கொடை விழா இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதே வாரம் என்றால் தேதியை மாற்றுவதுதான் மரியாதை. இரு பக்கமும் ஸ்பீக்கர் கட்டிப் போட்டி போட்டால் கடைசியில் இரண்டையும் போலீஸ் நிறுத்தும்.

வண்டி

ஐந்து பேரும் ஒலிச் சாமான்களும் என்றால் மாருதி ஈகோ போன்ற வண்டி நெருக்கடியாகத்தான் இருக்கும்; பழைய டெம்போ டிராவலர் வசதி, ஆனால் பராமரிப்பு உங்களைத் தின்னும். சபைகள் 150 கிலோமீட்டருக்குள் இருந்தால் சின்ன வண்டியே போதும்; நாற்காலி, மேடை, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் அந்த ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். நீங்கள் கட்டாயம் கொண்டு போக வேண்டியவை மைக், மிக்சர், கீபோர்டு, ஒயர்கள், இரண்டு 12 அங்குலப் பவர் ஸ்பீக்கர். அவ்வளவுதான்.

கனமானது தரையில், இருக்கையின் முதுகோடு ஒட்டி, பட்டை போட்டு இறுக்கி. ஸ்பீக்கர் ஒன்று 15 கிலோவுக்கு மேல் இருக்கும். திடீர் பிரேக்கில் அது முன் இருக்கையில் தூங்கும் பிள்ளையின் பின்னந்தலைக்கு வரும். மேல் கேரியரில் பாய், படுக்கை, துணி மட்டும். மே மாத வெயிலில் பூட்டிய வண்டிக்குள் கிதாரை வைத்துவிட்டுப் போனால் பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் பாலம் தூக்கிக்கொள்ளும், கீபோர்டின் திரை கறுக்கும். இறங்கும்போது இவை முதலில் வீட்டுக்குள் போக வேண்டும், பெட்டிகள் பிறகு.

சொந்த உபயோக வண்டியில் சபை மக்களைக் காசு வாங்கி ஏற்றாதீர்கள். விபத்து என்றால் காப்பீடு கைவிரிக்கும். வண்டி மேல் ஸ்பீக்கர் கட்டி ஊருக்குள் அறிவிப்பு செய்ய வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி.

இதைத் தடித்த எழுத்தில் எழுதியதாகவே படியுங்கள்: கூட்டம் முடிந்த இரவு வண்டியை எடுக்காதீர்கள். ஒன்பதரைக்கு ஜெபம் முடிந்து, ஆட்களோடு பேசி, சாப்பிட்டு, சாமான் கட்டும்போது மணி பதினொன்றரை. மூன்று நாள் தொண்டை கிழியப் பேசிய மனிதர் நான்குவழிச் சாலையில் ஸ்டியரிங் பிடித்தால் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கண் சொருகும். தூங்கிவிட்டு அதிகாலை ஐந்தரைக்குக் பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்துவிட்டுக் கிளம்புங்கள். "காலையில ஸ்கூல் இருக்கே" என்றால், அந்தக் கூட்டத்தை ஞாயிறு இரவில் முடியும்படி ஒத்துக்கொண்டதுதான் தவறு. வெள்ளி, சனி இரவும் ஞாயிறு காலை ஆராதனையும் என்று கேளுங்கள். பெரும்பாலான சபைகள் சம்மதிக்கும்.

கரண்ட்

கிராமத்துக் கூட்டங்களில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒலிச் சாமான் பொசுங்குவதும், பாடுகிறவருக்கு மைக்கில் ஷாக் அடிப்பதும் சாத்தானின் வேலை என்று மேடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். எர்த் இல்லாததின் வேலை.

முதலில் கணக்கு. ஸ்பீக்கர் இரண்டுக்கும் சேர்த்து 600 வாட்ஸ், மிக்சர், கீபோர்டு 100, எல்இடி விளக்கு 50 வாட்ஸ் வீதம் எட்டு 400, மேடை ஃபேன் இரண்டு 200. மொத்தம் 1,300 வாட்ஸ். 230 வோல்ட்டில் இது 6 ஆம்பியரைத் தொடும். இதை ஆலயச் சுவரில் ட்யூப்லைட்டுக்காகப் போட்ட 5 ஆம்ப் பிளக்கில் கொடுத்தால் முதல் பாட்டு முடிவதற்குள் பிளக் உருகும் வாசனை வரும். 15 ஆம்ப் பிளக்கிலிருந்து, அல்லது எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டில் தனி எம்சிபியிலிருந்து (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே அணையும் சுவிட்ச்) எடுங்கள். மைதானத்தில் என்றால் மின் வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கச் சொல்லுங்கள். தெருக்கம்பத்தில் கொக்கி போட்ட கரண்டில் சுவிசேஷம் சொல்வதைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவையில்லை.

உங்களோடு எப்போதும் இருக்க வேண்டியவை: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, மூன்று கம்பி, 30 மீட்டர் ஒயர், அதன் தலையில் 15 ஆம்ப் பிளக், மறு முனையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்திய பெட்டி, ஒரு மல்டிமீட்டர், 2 கேவிஏ ஸ்டெபிலைசர். ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். சுருளுக்குள் சூடு வெளியேற முடியாமல் ரப்பர் இளகும். தேவை 10 மீட்டர்தான் என்றாலும் முழுவதையும் அவிழ்த்துத் தரையில் பரப்புங்கள்.

எதையும் சொருகும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். கரண்ட் வரும் பேஸ் கம்பி, நியூட்ரல் கம்பி இடையே 210 முதல் 240 வரை இருந்தால் சரி. நியூட்ரல், எர்த் இடையே 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே 20, 30 காட்டினால் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது என்று பொருள். மும்முனை இணைப்புள்ள இடத்தில் பேஸ் 280, 300 என்று ஏறி இறங்கினால் நியூட்ரல் எங்கோ கழன்று கிடக்கிறது. உடனே கையை எடுங்கள், வயர்மேன் வரும்வரை ஒன்றும் சொருகாதீர்கள். 400 வரை ஏறலாம், மிக்சரும் கீபோர்டும் ஒரே நொடியில் போகும். மாலை 6 மணிக்குப் பார்த்த 220, எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் போட்ட பிறகு 7.30க்கு 175 ஆகும். ஸ்டெபிலைசர் அதற்காக.

மிக்சர், கீபோர்டு, கிதார் ஆம்ப், பவர் ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். ஒன்று ஆலயப் பிளக்கிலும் இன்னொன்று பக்கத்து வீட்டுப் பிளக்கிலும் இருந்தால் "உம்ம்ம்" என்று இரைச்சல் வரும். அதோடு, கிதார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு வைக்கும் தம்பிக்குச் சுரீர் என்று அடிக்கும். மைக்கின் தலைக்கும் கிதார் கம்பிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் பாட வேண்டாம்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் 5 கேவிஏ. பிள்ளைகள் தூங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பெட்ரோலை கேனில் வாங்கி வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் வேண்டாம்.

எந்த ஊரானாலும் போய் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியவர் ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் பணியாளரான கோயில்குட்டியார். எந்த சுவிட்ச் எதற்கு, எந்த ஃபியூஸ் அடிக்கடி போகும், மேல் தொட்டியில் எப்போது தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

சத்தம்

ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், மக்களைப் பார்த்து இருக்க வேண்டும். மைக் வரிசையிலிருந்து குறைந்தது 6 அடி முன்னே, ஸ்டாண்டில் ஆள் தலைக்கு மேலே. மேடைக்குப் பின்னால் வைத்தால் கீச்சிடும். பிறகு அதைக் குறைக்கப் போய் குரலே கேட்காது. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆலயத்தில் சத்தத்தைக் கூட்டக் கூட்ட வார்த்தை குழம்பும். அங்கே பேச்சுக்கு பாஸ் எனும் தாழ்ந்த ஒலியைக் குறையுங்கள். மிக்சரில் அந்த ஒலியை வெட்டும் லோ கட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். பின் வரிசையில் இருக்கும் பாட்டிக்கு வார்த்தை புரிகிறதா என்பதே சோதனை. நெஞ்சு அதிர்கிறதா என்பது அல்ல.

எழுப்புதல் என்றாலே கத்த வேண்டும் என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை. மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் வைத்து, சாதாரணக் குரலில் பேசினால் மூன்றாம் நாளும் குரல் இருக்கும். தனக்கே தன் குரல் கேட்காததால்தான் பலர் கத்துகிறார்கள்; மேடையில் பேசுகிறவரைப் பார்த்து ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் வையுங்கள். கூட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீர் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், பனங்கற்கண்டு போட்ட பால், ஒரு மணி நேர மௌனம். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு இல்லை, அதுவும் தொண்டைக்குப் பாரம்.

வயர்லெஸ் மைக்குக்கு ஒவ்வொரு இரவும் புது பேட்டரி. நேற்றைய பேட்டரி, மக்களை ஜெபிக்க முன்னால் கூப்பிடும் பீடத்தண்டை அழைப்பு நேரத்தில்தான் போகும். கையருகே ஒயர் மைக் ஒன்று எப்போதும் உயிரோடு இருக்கட்டும்.

நேரம்: 6.30க்குப் பாட்டு, 7க்குள் ஜெபம், 7.15க்குக் காணிக்கையும் அறிவிப்பும், 7.30க்குச் செய்தி, 8.20க்கு முடித்து ஜெப நேரம், 9.30க்கு நிறைவு ஜெபம், 9.45க்கு மைக் அணைய வேண்டும். இதைக் கெடுப்பது பொன்னாடை. வரவேற்புரை, அறிமுகம், கனம் பொருந்தியவர்களுக்குச் சால்வை என்று அரை மணி நேரம் கரையும்; அந்த அரை மணி உங்கள் செய்தியிலிருந்துதான் போகும், போலீஸ் கொடுத்த நேரத்திலிருந்து அல்ல. சால்வை எல்லாம் கடைசி நாள் ஆராதனை முடிந்த பிறகு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

தங்கும் வீடும் சாப்பாடும்

போதகர் குடியிருக்கும் குருமனையின் மாடி, ஆலயத்துப் பக்க அறை, விசுவாசி வீடு, மூன்றில் ஒன்று கிடைக்கும். அறை சின்னதானாலும் கதவு தாழிடக்கூடியதா என்று பாருங்கள். விசுவாசி வீட்டின் நடுக்கூடத்தில் படுத்தால் ராத்திரி 12 மணி வரை தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் ஜெபக்குறிப்பு வந்துகொண்டே இருக்கும், பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். சொந்தப் போர்வை, கொசுவலை, வாளி, கயிறு, துணிக் கிளிப்புகள், 20 லிட்டர் தண்ணீர் கேன் வண்டியில் இருக்கட்டும். வெள்ளை உடுத்தும் சபையாருக்கு ஒரு குறிப்பு: உப்புத் தண்ணீரில் துவைத்தால் வெள்ளை பழுப்பாகும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கேளுங்கள்.

சாப்பாடு அன்பின் சோதனை. காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு, மூன்றிலும் கறி. வாரக்கணக்கில் இப்படிப் போனால் முப்பது வயதிலேயே சர்க்கரையும் நெஞ்செரிச்சலும் கூட வரும். ஒவ்வொரு வீட்டிலும் மறுத்தால் மனம் நோகும். எனவே மறுப்பு பாஸ்டர் அம்மா வழியாக, முன்கூட்டியே போக வேண்டும்: "மதியம் மட்டும் விருந்து. காலையில் இட்லி. ராத்திரி கூட்டம் முடிந்ததும் கஞ்சியும் துவையலும், பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கே தோசை." யாருக்கு என்ன நோய் என்றும் சொல்லிவிடலாம், டாக்டர் சொன்னதற்கு எந்த வீடும் வருத்தப்படாது. அழைத்த மற்ற வீடுகளுக்குப் பகலில் போய், சாயா குடித்து, ஜெபித்து வாருங்கள். வீட்டுக்குப் பத்து நிமிடம். ஒரு நாளில் எட்டு வீட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாலை நாலு மணிக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம்.

வீடு சந்திக்கும்போதும் ஜெபிக்கும்போதும் பெண்களிடம் பேசுவது மனைவி. கணவர் கூட இருக்கலாம், தனியாக அல்ல. பிள்ளைகளிடம் பேசுவது அவர்களின் பெற்றோர் கண் முன்னே. ஜெபக்குறிப்பில் எழுதியதை மைக்கில் வாசிக்காதீர்கள். "ஒரு சகோதரி, கணவர் குடி" என்று பெயரில்லாமல் சொன்னாலும் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநலம், காசநோய் மாத்திரைகளை ஒரு கூட்டத்து உற்சாகத்தில் நிறுத்தியவர்கள் இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள், நீங்கள் அப்போது அந்த ஊரில் இருக்க மாட்டீர்கள்.

பிள்ளைகள்

இரண்டு வழி உண்டு. ஒன்று, பள்ளிக்கூடம் ஓர் ஊரில் நிலையாக இருக்கட்டும். பள்ளி நாட்களில் வார இறுதிக் கூட்டங்கள் மட்டும், மே மாதத்தில் நீண்ட பயணம். மற்றது, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்து சாலையிலேயே படிப்பது. அதற்குக் குறைந்தது 14 வயது, தேர்ச்சிக்கு ஐந்து பாடம், ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. மேல்படிப்புக்கும் அரசு வேலைக்கும் அந்தச் சான்றிதழ் செல்லும் விதிகளை, பிள்ளை போக விரும்பும் கல்லூரியிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு சேருங்கள். எங்கள் கருத்தில் முதல் வழியே மேல். வருமானம் குறையும், பிள்ளைக்கு நண்பர்கள் இருப்பார்கள்.

எந்த வழியானாலும், பயண நாட்களில் காலை 9 முதல் 11 வரை படிப்பு. அந்த நேரத்தில் யார் ஜெபிக்க வந்தாலும் அப்பா வாசலில் நின்று பேசட்டும். "பாப்பா ஒரு பாட்டு பாடட்டும்" என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். பாடலாமா என்று பாப்பாவிடம் கேளுங்கள், சபையிடம் அல்ல. சின்னப் பிள்ளைகளை ஸ்பீக்கருக்கு முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார வைப்பது எங்கும் பழக்கம், காதுக்குக் கெடுதி. பத்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் பாயைப் போடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஊர்ப் பிள்ளைகளுக்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது சொந்தச் சபையில் பின் வரிசையில் குடும்பமாக உட்காருங்கள். மூன்று வாரம் ஓடினால் ஒரு வாரம் வீடு.

காசு

கேட்கக் கூச்சப்பட வேண்டியது காணிக்கைத் தொகையை மட்டும்தான். டீசல் கணக்கைக் கூச்சமின்றிச் சொல்லலாம். போய்வர 240 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர், ஆக 20 லிட்டர், டோல் தனி. இதைத் தேதி உறுதி செய்யும்போதே சொல்லிவிட்டால், கடைசி நாளில் கவரைப் பிரித்து முகம் மாற வேண்டியதில்லை. சின்னச் சபை என்றால் அதே வாரத்தில் பக்கத்து ஊர்ச் சபையையும் சேர்த்து, டீசலை இருவருக்கும் பங்கிடுங்கள்.

காணிக்கைப் பையை நீங்களோ உங்கள் வீட்டாரோ தொடக் கூடாது. சபையார் இருவர் எண்ணி, எழுதி, கையெழுத்திட்டு, பாஸ்டர் கையால் தரட்டும். குடும்பத்துக்கு ஒரு நோட்டு, ஊழியச் செலவுக்கு ஒரு நோட்டு. இரண்டையும் மனைவி எழுதுவது நல்லது, ஏனென்றால் கணவர் கணக்கு ஞாபகத்தில்தான் இருக்கும். உங்கள் கைக்கு வருவது உங்கள் வருமானம்; ஆடிட்டரிடம் காட்டி வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள். டிரஸ்ட் வைத்து, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது என்று முன்பே சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தரும் பணத்தை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத டிரஸ்ட் கணக்கில் வாங்குவது குற்றம், "எங்க சொந்தச் சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து அனுப்பினது" என்றாலும். மழைக்கால மூன்று மாதத்துக்கு அழைப்பு இருக்காது. அந்தச் செலவை ஜனவரியிலிருந்தே ஒதுக்குங்கள். டயருக்கும் அதே உண்டியல்.

கடைசி நாள்

1896இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேலும் அவரோடு ஊர் ஊராகப் போன தமிழ்ப் பெண்களும் மாட்டுவண்டியில் போனார்கள். அந்த வேகத்தில் ஓர் ஊரில் சில நாட்களாவது தங்கியே ஆக வேண்டும். இன்றைக்கு நாலு மணி நேரத்தில் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடலாம் என்பதால், கூட்டத்தில் கை தூக்கியவர்கள் யார் என்றே தெரியாமல் கிளம்பிவிடுகிறோம்.

ஆகவே கிளம்பும் முன் பாஸ்டரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். ஜெபிக்க முன் வந்தவர்களின் பெயர், தெரு, என்ன காரியம் என்று எழுதிய தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் நகலைக் கிழித்துவிடுங்கள். அந்த ஊர் மக்களைச் சேர்த்து நீங்களே ஒரு வாட்ஸப் குழு தொடங்காதீர்கள். தொடங்கினால் ஆறு மாதத்தில் அது இன்னொரு சபையாகும், அடுத்த முறை அந்தப் பாஸ்டர் உங்களுக்குப் போன் செய்ய மாட்டார், பக்கத்து ஊர்ப் பாஸ்டருக்குச் செய்வார். யாராவது உங்களை நேரடியாக அழைத்தால் ஜெபியுங்கள், பிறகு "பாஸ்டர் ஐயாகிட்ட பேசினீங்களா?" என்று கேளுங்கள்.

சாமான் கட்டும்போது பட்டியலை வைத்து எண்ணுங்கள். ஊரில் விட்டுவிட்டு வருவது எப்போதும் மைக் ஒயர், கீபோர்டு அடாப்டர், பிள்ளையின் கணக்கு நோட்டு. மழையில் நனைந்த தார்ப்பாயை ஈரத்தோடு மடிக்காதீர்கள், அடுத்த ஊரில் பிரிக்கும்போது பூஞ்சை பிடித்திருக்கும். வீடு போய்ச் சேர்ந்த அன்றே அந்த ஊரைப் பற்றி நோட்டில் நாலு வரி எழுதிவிடுங்கள்: எர்த் எப்படி, வோல்டேஜ் எவ்வளவுக்கு இறங்கியது, தண்ணீர் எப்படி, கோயில்குட்டியார் பெயர் என்ன.